மறு: 'கல்லறை' வேண்டாம், 'கல்புரை' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பகுதியில் உள்ள பழைய கல் கட்டுமானங்களுக்கு நம் தமிழ் வரைவில் 'கல்லறை' என்று போட்டிருக்கிறோம். கல்லால் ஆன அறை, பிரித்துப் பார்த்தால் சரிதான். ஆனால் தமிழ் படிக்கிற யாருக்கும் அது பிணம் புதைத்த இடம். அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்கு அது பொருந்தும். 5,000 ஆண்டுப் பழமையான அந்த மேட்டுக்குள் மனித எலும்புகளே கிடைத்தன, எரிந்தவையும் எரியாதவையும். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் இருப்பவை வேறு. சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், மேலே பலகைக் கற்கள், சுற்றிலும் மண் அணைப்பு. குனிந்துதான் நுழைய முடியும். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய விவசாயிகள் குளிர்காலத்துக்குக் கிழங்கு சேமித்த அறைகள் இவை என்பதே தொல்லியலாளர் பெரும்பாலோர் முடிவு. 'கல்லறை' என்று எழுதினால், ஐரோப்பாவின் பெருங்கற்கால மக்கள் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து கட்டினார்கள் என்ற கருதுகோளுக்கு நாமே பாதி ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம்.

பெயர் இப்படி ஆளை இழுத்துப் போகும். நியூ ஹாம்ப்ஷயரின் சேலத்தில் ஒரு பெரிய தட்டைக் கல் இருக்கிறது. விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு வாய்க்கால், நீர் வடிய ஒரு வாய். 'பலிமேசை' என்று பெயர் வைத்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அதில் ரத்தம் ஓடத் தொடங்கியது. சாம்பலில் நீர் ஊற்றிச் சோப்புக்குக் காரம் வடிக்க இதே மாதிரிக் கற்களை அந்தப் பகுதிப் பண்ணைகளில் வைத்திருந்தார்கள்! 1976இல் கடல் உயிரியலாளர் பேரி ஃபெல், ஐரோப்பாவின் பண்டைய கெல்ட்டியர் அங்கே வந்தார்கள் என்று எழுதியபோது, இந்தப் பெயர்கள் எல்லாம் அவருக்கு முன்பே தயாராக இருந்தன.

மாற்றாக என் அம்மா சொன்ன 'கற்குடில்' காதுக்கு இனிமை. ஆனால் குடில் என்றதும் முனிவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சேலத்தில் அந்தக் கல் இருக்கும் இடத்தை 1937இல் வாங்கிய வில்லியம் குட்வின், அது அயர்லாந்துத் துறவிகள் கட்டியது என்றே நம்பினார், ஆகவே அதுவும் வேண்டாம். 'கிழங்கறை'யும் ஆகாது, சிலவற்றைப் பூர்வகுடிகள் எழுப்பியிருக்கலாம் என்ற கருத்தும் இருக்கிறது, அதை ஒரு சொல்லால் அடைக்கக் கூடாது.

எனவே 'புரை'. உள்ளே வெற்றிடம் உள்ளது, அறை, அவ்வளவுதான். சுவரில் அகல் வைக்கும் மாடப்புரையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. புணர்த்தினால் 'கற்புரை' ஆகும். கற்பு + உரை என்று படித்துவிடுவார்கள், அதனால் 'கல்புரை' என்றே எழுதலாம்.

நியூகிரேஞ்சு வகைக்கு 'இடைகழிக் கல்லறை' அப்படியே இருக்கட்டும். அங்கே 19 மீட்டர் நீளத்துக்கு உண்மையாகவே ஒரு ரேழி இருக்கிறது.