எல்லா நிலையினரும் வரலாம் என்னும் டிரையத்லான் கிளப்பில் என்னைப் போன்றவர் சேரலாமா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 44. ஓராண்டாக வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன்; நடுநடுவே நடந்து, 5 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் முடிக்கிறேன். நீச்சலை மிகத் தாமதமாகத்தான் கற்றேன் என்பதால், குளத்தில் 50 மீட்டர் நீந்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது அலுவலகம் போய்வரும் சாதாரண கியர் சைக்கிள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி தரும் அருகிலுள்ள கிளப் ஒன்று, முதன்முறை வருபவர் முதல் அயர்ன்மேன் எனப்படும் மிக நெடுந்தூரப் போட்டியை முடித்தவர் வரை அனைவரும் வரலாம் என்று அறிவித்திருக்கிறது. சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் முன்பு ஓர் ஓட்டக் குழுவிலும் இதே சொற்களை நம்பித்தான் போனேன். முதல் திருப்பத்துக்குப் பிறகு என் கண்ணில் ஒருவரும் படவில்லை. நான் ஓடி முடித்துத் திரும்பியபோது எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள். யாரும் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை என்றாலும் மறுவாரம் போக மனம் வரவில்லை. ஒரு கிளப் உண்மையிலேயே எல்லோரையும் ஏற்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிய வழி உண்டா? குறைந்தபட்சம் எந்த அளவு தேறிய பிறகு போவது முறை? என்னால் வேகமானவர்களின் பயிற்சி கெடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்

உங்களுக்கு நேர்ந்ததற்கு உங்கள் வேகம் காரணம் அல்ல, அந்தக் குழு பயிற்சியை அமைத்த விதமே காரணம். கிளப்பின் பொறுப்பாளரிடம், சைக்கிள் பயிற்சியில் கடைசியாக வருபவர் யார் என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் கிளப்பில் அதற்கு உடனே விடை கிடைக்கும். ஏனெனில் ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். பஞ்சர் ஆனாலும் செயின் கழன்றாலும் அவர் உடன் இருப்பார். முன்னால் செல்பவர்கள் ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் நின்று, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசியாக வந்தவருக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுத்துத்தான் புறப்பட வேண்டும். பின்தங்கியவர் வந்த நொடியிலேயே மற்றவர்கள் கிளம்பிவிட்டால், ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வும் தேவைப்பட்டவருக்கு ஏமாற்றமும்தான் மிஞ்சும்.

ஓட்டத்துக்கு நாங்கள் வேறொரு வழி வைத்திருக்கிறோம். தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுவோம்: எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, 20 நிமிடம் ஆனதும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து திரும்ப வேண்டும். போன வேகத்திலேயே திரும்பினால் வேகமானவரும் மெதுவானவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒருவர் 8 கிலோமீட்டர் ஓடியிருப்பார், இன்னொருவர் நான்கரை ஓடியிருப்பார், ஆனால் தண்ணீர் குடிக்கும்போது எல்லோரும் சேர்ந்தே நிற்பார்கள். நீச்சல் குளத்தில் 100 மீட்டருக்கு ஆகும் நேரத்தை வைத்து வரிசை பிரிப்போம். 50 மீட்டருக்கு ஒருமுறை நிற்பவர்களுக்கென்றே எங்களிடம் ஒரு வரிசை உண்டு, அதில் இடம் காலியாக இருந்ததே இல்லை.

பதில்: நெடுந்தூரப் போட்டிகளில் பங்கேற்பவர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் நீச்சலில் மட்டும் 'எந்த நிலையிலும் வரலாம்' என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். கிளப்பில் இன்றே சேருங்கள். ஏரிக்கோ கடலுக்கோ அழைத்துச் செல்லும் பயிற்சிக்கு மட்டும், குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் நீந்தப் பழகும் வரை போகாதீர்கள். ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம், சைக்கிளில் களைத்தால் இறங்கி நிற்கலாம், ஆழமான நீரில் அப்படி நிற்க இடமில்லை. குளத்தில் அடியில் தெரியும் கோடு அங்கே இராது என்பதால் சில கையடிகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த நீர் உடலில் பட்டதும் மூச்சு தானாகவே வேகமெடுக்கும். அப்போது மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவரே பாதுகாப்பாக நீந்துவார். இந்த மிதத்தலை ஃப்ரீஸ்டைலுக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் அச்சத்தைக் குறைக்கும் செய்தியும் உண்டு. ஸ்பிரிண்ட் எனப்படும் தொடக்கநிலைப் போட்டி 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்டது. அந்த நீச்சல் 25 மீட்டர் குளத்தில் 30 நீளம். எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்த விதிகள் இடமளிக்கின்றன. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலேயே முழுவதையும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். களைத்தால் மிதவையையோ கயாக் எனும் சிறு படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைக் கொண்டு முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். திறந்த நீரில் இறங்கியவர்களின் தலைகளை எண்ணுபவர் யார், வெளியேறும்போது மீண்டும் எண்ணுகிறார்களா என்பதையும் கிளப்பில் கேளுங்கள். அதற்கு மழுப்பலான விடை வந்தால் அவர்களோடு நீரில் இறங்காதீர்கள்.

பதில்: பார்வையற்ற வீரருக்கு வழிகாட்டியாக ஓடுபவர்

வேகமானவர்களின் பயிற்சி உங்களால் கெடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். எந்த வீரருக்கும் வாரத்தின் எல்லா நாளும் கடுமையான பயிற்சி ஆகாது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் கழியும் நாட்கள்தான் உடலின் தாங்குதிறனை வளர்க்கின்றன. தனியாக விட்டால் அந்த நாட்களிலும் நான் வேகமெடுத்துவிடுவேன். புதியவர்களோடு ஓடும்போதுதான் மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாகவே ஓடுகிறேன்.

எங்கள் கிளப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு நான் வழிகாட்டி. நீச்சலிலும் ஓட்டத்திலும் ஒரு கயிறு எங்களை இணைத்திருக்கும். சைக்கிள் பகுதியில் இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளில் நான் முன்னால், அவர் பின்னால். மேடு, பள்ளம், திருப்பம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று சொற்களில், வருவதற்குச் சற்று முன்பாகச் சொல்ல வேண்டும். பாராலிம்பிக்கில் டிரையத்லான் 2016இல் ரியோ நகரில்தான் முதன்முறையாக இடம்பெற்றது, ஆனால் இந்தத் துணைநிற்றல் கிளப்களில் ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. அவரோடு ஓடத் தொடங்கிய பிறகே சாலையை முழுக் கவனத்தோடு பார்க்கக் கற்றேன்.

பதில்: முதல் போட்டியில் கடைசியாக வந்தவர்

சைக்கிளுக்காகத் தயங்காதீர்கள். பிரேக் சரியாகப் பிடிக்க வேண்டும், கைப்பிடியின் முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும், ஹெல்மெட் தலைக்குப் பொருந்த வேண்டும். தொடக்கத்துக்கு இவை போதும். நான் கூடை வைத்த சைக்கிளில் என் முதல் ஸ்பிரிண்டை முடித்தேன். கிளப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் டிரான்சிஷன் பயிற்சி. ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே வாரைக் கழற்ற வேண்டும் என்ற விதியைக் கை தானாகச் செய்யும் அளவுக்கு எங்களைப் பழக்கினார்கள். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் மரத்துப்போனது போல் கனக்கும். சைக்கிள் ஓட்டி முடித்த உடனே ஓடும், பிரிக் என்று சொல்லப்படும் தொடர்பயிற்சியில் அதை முன்பே அனுபவித்திருந்ததால் போட்டியன்று நான் பதறவில்லை.

கடைசி ஒரு கிலோமீட்டரில், ஏற்கெனவே முடித்துவிட்ட கிளப் உறுப்பினர் ஆறு பேர் என்னோடு சேர்ந்து பாதையின் ஓரமாக நடந்து வந்தார்கள். அவர்கள் கொடுத்த தண்ணீரை நான் வாங்கவில்லை. போட்டியின் நடுவே வெளியார் உதவி பெறக் கூடாது என்று அவர்களில் ஒருவரே நினைவூட்டினார். அந்த அக்கறையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அந்தக் கிளப்பின் பொறுப்பாளரிடம் பேசினேன். சைக்கிளில் கடைசியாக வருபவரின் பெயரை அவர் யோசிக்காமல் சொன்னார். திறந்த நீரில் இறங்கும்போதும் ஏறும்போதும் பட்டியல் வைத்துத் தலை எண்ணுவதாகவும், 400 மீட்டர் நீந்தாதவர்களைக் குளத்தில் மட்டுமே பழக்குவதாகவும் விளக்கினார். சனிக்கிழமை குளத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயிற்சிக்கும் வரச் சொல்லியிருக்கிறார். மாற்று டியூப் ஒன்று கொண்டுவர வேண்டுமாம். எந்த அளவில் வாங்குவது?

பதில்: புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்

டயரின் பக்கவாட்டில் 700 x 35 என்பது போல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வால்வு தடிமனானதா மெல்லியதா என்பதையும் பார்த்து அதே வகையை வாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை 15 நிமிடம் முன்னதாகப் போய், பின்னால் வருபவரிடமே கேளுங்கள், அவர் செய்து காட்டுவார்.