தி கிவர் நாவல்: ஜோனாஸ் பிழைத்தானா, இல்லையா?

மழைக்காலம்:

லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' நாவலை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டு வந்தது. அவள் படிப்பதற்கு முன்னால் ஒரு புரட்டுப் புரட்டிவிடலாம் என்று உட்கார்ந்தவள், இரண்டு மணி வரைக்கும் கீழே வைக்கவில்லை. இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரைக்கும் பேசப் போகிறேன்.

முதல் பாதியில் எனக்குக் கதை நடக்கும் அந்த ஊர் மேல் பெரிதாகக் கோபமே வரவில்லை. பசி கிடையாது, சண்டை கிடையாது, வேலை தேடி யாரும் அலைவதில்லை, பன்னிரண்டு வயதில் அவரவர் குணத்தைப் பார்த்துப் பெரியவர்களே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு பையன் ஒரு பெண், அதற்குமேல் இல்லை. வலி வந்தால் மாத்திரை. நிறம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அதைக்கூட லோரி முதலில் நம்மிடம் சொல்வதில்லை. கதைநாயகனான சிறுவன் ஜோனாஸ் தூக்கிப் போட்டு விளையாடும் ஆப்பிள் ஒரு நொடி 'மாறுகிறது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். என்ன மாறியது என்று பிறகு புரிந்தபோது பழைய பக்கங்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன், அதுவரைக்கும் எந்தப் பொருளுக்கும் நிறமே சொல்லாமல்தான் எழுதியிருக்கிறாரோ என்று.

அப்புறம் அந்த இரட்டைக் குழந்தைக் காட்சி. ஜோனாஸின் அப்பா, பச்சைக் குழந்தைகளைப் பராமரிக்கிறவர், அவ்வளவு மென்மையான மனுஷன், இரண்டில் எடை குறைந்த குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து, சுவரில் இருக்கும் குப்பைக் கதவு வழியாகத் தள்ளிவிடுகிறார். குழந்தையைக் கொஞ்சுகிற அதே குரலில் டாட்டா சொல்லிக்கொண்டே. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் என் மகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கடைசியில் ஜோனாஸும், அவன் ஊரை விட்டுத் தப்பும்போது தூக்கிக்கொண்டு போகும் குட்டிக் கேப்ரியலும் பனியில் விறைத்துச் செத்துவிட்டார்களா, இல்லை நிஜமாகவே ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்களா? அப்புறம், இதைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுக்கலாமா?

பழைய சைக்கிள்:

பிழைத்தான் அக்கா. சந்தேகமே வேண்டாம். இதற்குத் தொடர்ச்சியாக இன்னும் மூன்று நாவல்கள் இருக்கின்றன. 2012இல் வந்த 'சன்' படித்தால் கேப்ரியல் வளர்ந்த பையனாகவே வருகிறான், ஜோனாஸும் இருக்கிறான்.

ஆனால் தொடர்ச்சியை விடுங்கள், இந்தப் புத்தகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது என்பது என் கட்சி. செத்துவிட்டான் என்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? மலை உச்சியில் அவனுக்காகவே காத்திருக்கிற மாதிரி ஒரு சறுக்கு வண்டி. ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் தனியாகச் சுமந்து ஜோனாஸுக்குக் கைமாற்றுகிற கிழவர், அவர்தான் 'கிவர்', அவனுக்குக் கொடுத்த முதல் நினைவே பனியில் சறுக்கு வண்டியில் இறங்குவதுதான், அதனால் குளிரில் மூளை மங்கிப் பழைய நினைவையே திரும்பப் பார்க்கிறான் என்கிறார்கள். சன்னல்களில் தெரியும் வண்ண விளக்குகளுக்கும் அதே விளக்கம், கிறிஸ்துமஸ் நினைவும் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. சரி. ஆனால் இசை? கிழவருக்கு இசை கேட்கும். அதை ஜோனாஸுக்குக் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னபோது, நான் போன பிறகு அது உங்களிடமே இருக்கட்டும் என்று இவன் மறுத்துவிடுகிறான். அப்படி இருக்கும்போது கடைசிப் பக்கத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக அவன் காதில் பாட்டு விழுகிறது. தன்னிடம் இல்லாத நினைவை எப்படித் திரும்பப் பார்க்க முடியும்? அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஒன்று போதும்.

நிலாமுற்றம்:

இசை விஷயத்தை நான் இதுவரை யோசித்ததில்லை, நல்ல கவனிப்பு. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கடைசிப் பத்தியில், தான் விட்டுவந்த ஊர்ப் பக்கமிருந்தும் இசை கேட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது, அது வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று லோரி ஒரு வரி வைத்துத்தானே முடிக்கிறார்? அந்த வரியை எதற்கு வைத்தார்?

தொடர்ச்சியை வைத்து இதைத் தீர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாவல் வந்தது 1993இல். ஜோனாஸ் என்ன ஆனான் என்று கோடு காட்டிய 'மெசஞ்சர்' வந்தது 2004இல். நடுவில் பதினோரு வருடம் அத்தனை குழந்தைகளும் பதில் தெரியாமல்தான் இந்தப் புத்தகத்தை நேசித்தார்கள். 1994இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கியபோது பேசிய பேச்சிலேயே, இதற்கு ஒரே சரியான முடிவு என்று எதுவும் இல்லை, ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு என்கிற மாதிரிதான் லோரி சொன்னார். அதனால் அக்கா, நீங்கள் முடிவெடுக்கும் வரைக்கும் அடுத்த புத்தகத்தைத் தொடாதீர்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு முடிவை விட அதுதான் பெரிய கேள்வி. அந்த மனுஷன் கேப்ரியலுக்காக விதியையே மீறியவர். பெயர் சூட்டுவதற்கு முன்னாலேயே பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தேறும் என்று நம்பினார், ராத்திரியில் வீட்டுக்குத் தூக்கி வந்து கூடவே வைத்துக்கொண்டார். அவர்தான் அந்த ஊசியையும் போடுகிறார். வில்லன் இல்லாத கதை இது. சாவு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, 'விடுவிப்பு' என்று ஒரு நல்ல வார்த்தையைக் கொடுத்திருக்கிறார்கள், அதை நம்பி வாழ்கிறார். கிழவர் ஜோனாஸிடம் கோபப்படாமல் விளக்குவதும் இதைத்தான். எனக்கு அந்த விளக்கம் ஆறுதலாக இல்லை. கையில் துவண்டுபோகிற குழந்தையைப் பார்த்துமா ஒருவருக்கு எதுவும் தோன்றாது? தோன்றாமல் ஆக்க முடியும் என்று லோரி சொல்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

வானூர்தி:

எல்லாரும் புகழ்கிறீர்கள், எனக்குக் குறை இருக்கிறது. அறிவியல் புனைவு என்று இதை அலமாரியில் வைக்கிறார்கள், ஆனால் முதுகில் கை வைத்தால் நினைவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், போனது கொடுத்தவரிடம் மங்கிவிடும் என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை. நினைவுகளைச் சுமக்கிற ஆள் ஊரை விட்டுப் போனால் அந்த நினைவுகளெல்லாம் ஊர்மக்கள் மேல் இறங்கிவிடுமாம். எப்படி? பனி வேண்டாம் என்று வானிலையைக் கட்டுப்படுத்தினார்கள், பயிர் விளைய. வண்டி ஏறச் சிரமம் என்று குன்றுகளைத் தரைமட்டமாக்கினார்கள். இதற்கெல்லாம் காரணம் சொல்லத் தெரிந்தவர் முக்கியமான இடத்தில் மந்திரத்துக்குத் தாவிவிடுகிறார். 23 சிறிய அத்தியாயங்கள்தான், இன்னும் இரண்டு எழுதியிருக்கலாம்.

ஒரு இடம் மட்டும் உண்மையிலேயே அறிவியல் புனைவின் சுகத்தைக் கொடுத்தது. தேடிவரும் விமானங்கள் உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் என்று தெரிந்து, ஜோனாஸ் பனியின் நினைவைத் தனக்கும் குழந்தைக்கும் வரவழைத்து உடம்பைக் குளிர்வித்து ஒளிந்துகொள்கிறான். எந்த நினைவு ஆரம்பத்தில் சந்தோஷமாக வந்ததோ அதுவே உயிரைக் காப்பாற்றுகிறது. அது அபாரம்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

தம்பி, நீங்கள் கேட்கும் விளக்கம் இருந்தால் என் மாணவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். லோரிக்கு இந்தக் கதை வந்த வழியைப் பார்த்தால் அவர் ஏன் இயந்திரம் எதையும் வைக்கவில்லை என்று புரியும். அவருடைய வயதான அப்பாவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. மூத்த மகள், அதாவது லோரியின் அக்கா ஹெலன் இறந்ததே அவருக்கு மறந்துபோய்விட்டது, அவள் எங்கே என்று கேட்கிறார், சொல்லும்போதெல்லாம் முதல்முறை கேட்பதுபோல ஆகிவிடுகிறது. வலிக்கிற நினைவே இல்லாமல் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வந்தது என்று லோரியே சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. சிறுவயதில் டோக்கியோவில், அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கென்று வேலி போட்டுக் கட்டிய குடியிருப்பில் சில காலம் வாழ்ந்தவர். உள்ளே எல்லாம் அமெரிக்கா மாதிரியே இருக்கும். அந்தச் சிறுமி சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ஷிபுயா தெருக்களுக்குப் போய்விடுவாளாம். ஜோனாஸ் தப்பிப்பதும் சைக்கிளில்தான், இல்லையா?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் அம்மா. கொடுங்கள். ஆனால் இரட்டைக் குழந்தைக் காட்சி வருகிற அன்று பக்கத்தில் இருங்கள். அமெரிக்காவில் இந்தப் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லி எத்தனையோ பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் காட்சி அதற்கு ஒரு பெரிய காரணம். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, பயம் நியாயமானதுதான். என் அனுபவத்தில் பிள்ளைகளை அதிகம் உலுக்குவது வேறு இடம். ஜோனாஸின் நண்பன் ஆஷர் மூன்று வயதில் தின்பண்டம் கேட்கும்போது வார்த்தை தடுமாறி 'அடி' என்று பொருள்படும் சொல்லைச் சொல்லிவிடுகிறான், ஒவ்வொரு தடவையும் பிரம்பால் அடி விழுகிறது, கடைசியில் பேச்சையே கொஞ்ச காலம் நிறுத்திவிடுகிறான். ஊரார் அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள். வகுப்பில் அந்தப் பகுதியை வாசிக்கும்போது எந்தப் பிள்ளையும் சிரித்ததில்லை. தப்பாகச் சொன்னதற்கு அடி வாங்குவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு இடத்தையும் சேர்ந்து பேசுங்கள். என்னை நேசிக்கிறீர்களா என்று ஜோனாஸ் அப்பா அம்மாவிடம் கேட்கிறான். அது பொருளிழந்துபோன சொல், துல்லியமாகப் பேசு, உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறோமா என்று கேள் என்கிறார்கள். மறுநாளே அவன், உணர்ச்சிகளை அடக்க ஊரில் தினமும் கொடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறான்.

கடலோரம்:

படத்தை மட்டும் முதலில் காட்டிவிடாதீர்கள். 2014இல் வந்த படத்தில் ஜோனாஸின் வயதை நன்றாகக் கூட்டிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து மெதுவாக நிறம் ஏறுவது அழகுதான், கிழவராக ஜெஃப் பிரிட்ஜஸும் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் நிறம் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே கண்ணால் பார்த்துவிட்டால் அந்த ஆப்பிள் போய்விடுகிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தை தனியாக இவ்வளவையும் சுமக்கிறதே என்ற தவிப்பும் எனக்குப் படத்தில் வரவில்லை.

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி. இசை விஷயத்தைப் படித்ததும் கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பழைய சைக்கிள் சொல்வதுதான் சரி என்று தோன்றியது, அப்புறம் அந்த எதிரொலி வரி வந்தது, மறுபடி குழம்பிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. கேப்ரியல் பிழைத்திருக்க வேண்டும் என்று எனக்கு இவ்வளவு தவிப்பாக இருக்கிறதே, அதனால் நான் பிழைத்தான் கட்சிதான். அடுத்த புத்தகங்களை இப்போதைக்குத் தொடப் போவதில்லை.

டீச்சர், கொடுத்துவிட்டேன். தினமும் சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிறோம், ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் நான். இன்று ஏழாவது முடிந்தது. வேலை கொடுக்கும் சடங்கில் மேடையில் இருக்கும் ஊர்த் தலைவி பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, பத்தொன்பதான ஜோனாஸை விட்டுவிட்டு இருபதைக் கூப்பிடுகிறார். என் மகள் வாசிப்பதை நிறுத்தி, அச்சுப் பிழையா என்று முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை என் கையிலிருந்து எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, நாளைக்கு எட்டாவதையும் நானேதான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.