மறு: ‘படைப்புவாதம்’ போதாது – நடுவில் நிற்பவர்களுக்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பரிணாமத்தையும் கடவுளின் படைப்பையும் சேர்த்து ஏற்பவர்களின் நிலைப்பாட்டுக்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சங்கதியை ஒருமுறை சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

நான் தமிழாக்கிக்கொண்டிருப்பது பள்ளி அறிவியல் மன்றங்களுக்கான ஒரு சிறு கையேடு. புதைபடிவங்களும் மனிதத் தோற்றமும் அதன் பொருள். அதில் ஒரு பக்கம், அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1982 முதல் மக்களிடம் கேட்டுவரும் ஒரு கேள்வியைப் பற்றியது. மனிதர் எப்படி வந்தார்கள் என்பதற்கு மூன்று விடைகளைக் கொடுத்து, உங்கள் கருத்துக்கு நெருக்கமானது எது என்று கேட்கிறார்கள். கடவுள் மனிதரைக் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் இன்றுள்ள வடிவிலேயே படைத்தார் என்பது ஒரு விடை. மிக நீண்ட காலத்தில் வேறு உயிர் வடிவங்களிலிருந்து மனிதர் உருவானார்கள், கடவுளுக்கு அதில் பங்கில்லை என்பது இன்னொன்று. அப்படித்தான் உருவானார்கள், ஆனால் கடவுள்தான் அதை வழிநடத்தினார் என்பது மூன்றாவது. 2024ஆம் ஆண்டில் முதல் விடையைச் சொன்னவர்கள் 37 சதவீதம். பங்கில்லை என்றவர்கள் 24. வழிநடத்தினார் என்றவர்கள் 34.

இந்த 34 சதவீதம் பேரின் நிலைப்பாட்டுக்குத் தமிழில் பெயர் இல்லை. நம் கலைச்சொல் பட்டியல்களில் ஒரு பக்கம் ‘படைப்புவாதம்’ இருக்கிறது, மறுபக்கம் ‘பரிணாமம்’ இருக்கிறது. நடுவில் நிற்பவர்களை அடைப்புக்குறிக்குள் நீட்டி விளக்க வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாததால் அப்படி ஒரு இடம் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. நான் படித்த காலத்தில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் அந்தப் பாடத்தை, “பரீட்சைக்கு எழுதுங்கள், நம்ப வேண்டாம்” என்று சொல்லி ஒரே வகுப்பில் முடித்தார். சாமி கும்பிடுகிற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டோம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு அதுதான் காரணம்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘ஆத்திகப் பரிணாமம்’ என்று போட்டால் முடிந்தது. ஆங்கிலத்திலும் ‘தீயிஸ்டிக் எவல்யூஷன்’ என்றுதானே இருக்கிறது? இதற்கு மேல் ஏன் மண்டையை உடைக்க வேண்டும்?

ஐயா, என் முதல் வரைவில் இருந்ததும் தாங்கள் சொன்ன சொல்தான். இரண்டு நாள் கழித்துப் படித்தபோது உறுத்தியது. நம் மொழியில் தொகைச்சொல்லின் கடைசிச் சொல்தான் அதன் தலை. மரப்பெட்டி என்றால் பெட்டி, பெட்டிமரம் என்றால் மரம். அந்தக் கணக்கில் ஆத்திகப் பரிணாமம் என்பது பரிணாமத்தில் ஒரு வகை ஆகிவிடும். அறிவியலில் அப்படி ஒரு வகை கிடையாது. இயற்கைத் தேர்வைப் பக்தரும் பக்தி இல்லாதவரும் ஒரே முறையில்தான் அளக்கிறார்கள். ஆத்திக வேதியியல் என்று நாம் சொல்வதில்லையே. இவர்கள் கூடுதலாகச் சொல்வது எதைப் பற்றி? படைப்பைப் பற்றி. கடவுள் எந்த வழியில் படைத்தார் என்பதைப் பற்றி. ஆகவே சொல்லின் தலை ‘படைப்பு’ ஆக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. தியோடோசியஸ் டாப்சான்ஸ்கி பழ ஈக்களை வைத்து மரபியலையும் பரிணாமத்தையும் இணைத்தவர், 20ஆம் நூற்றாண்டின் பெரிய உயிரியலாளர்களில் ஒருவர், கிழக்கு மரபுவழிக் கிறிஸ்தவர். பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்பதையே தலைப்பாக வைத்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே கட்டுரையில், தான் படைப்பை ஏற்பவன், பரிணாமத்தையும் ஏற்பவன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். இப்போது நம் பட்டியலை எடுத்துக்கொண்டு அதைத் தமிழாக்கிப் பாருங்கள். “நான் ஒரு படைப்புவாதி, பரிணாமவாதியும்கூட” என்று வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். பரிணாமத்தை மறுப்பவர்களுக்கு மட்டும் ‘படைப்பு’ என்ற சொல்லை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டோம். அதனால்தான் அந்த வாக்கியம் தமிழில் நிற்க மாட்டேன் என்கிறது.

அதனால் முதல் விடைக்கான சொல்லையும் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன்: ‘நேரடிப் படைப்பு’. இன்றுள்ள உருவிலேயே, இடையில் வேறு உருவங்கள் இல்லாமல் படைத்தார் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. இவர்களிலும் எல்லாரும் ஒன்றல்ல. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் விவிலியத் தலைமுறைகளைக் கூட்டிப் படைப்பு நடந்தது கி.மு. 4004 என்று கணித்தார். அந்த வழியில் வருபவர்களுக்கு ‘இளம்புவி’ என்ற அடையை முன்னால் சேர்க்கலாம். பூமியின் வயது 450 கோடி ஆண்டு என்பதை ஒப்புக்கொண்டு, மனிதரை மட்டும் தனியாகப் படைத்தார் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் நேரடிப் படைப்பினர்தான்.

அப்புறம், யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதியது:

> எங்கட பாடப்புத்தகங்களில் பரிணாமம் இல்லை, ‘கூர்ப்பு’. புதைபடிவம் இல்லை, ‘உயிர்ச்சுவடு’. நீங்கள் எந்தச் சொல்லை உண்டாக்கினாலும் அது இரண்டு கரையிலும் செல்ல வேணும்.

அக்கா, உங்கள் மடலைப் படித்த பிறகுதான் என் முதல் மூன்று முயற்சிகளையும் தூக்கிப் போட்டேன். ‘பரிணாமவழிப் படைப்பு’ உங்கள் கரையில் செல்லாது, ‘கூர்ப்புவழிப் படைப்பு’ எங்கள் கரையில் செல்லாது. ‘வழிப்படைப்பு’ என்று சுருக்கினால் நன்னூல் படித்தவர்களுக்கு வழிநூல் நினைவு வந்துவிடும், கடவுள் வேறு யாரையோ பார்த்து எழுதியது போல.

கூர்ப்பு எவ்வளவு பழைய சொல் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. ஏற்கெனவே இருப்பது மிகுவதைக் குறிக்கும் சொற்கள் இவை என்பதுதான் பொருள். தொல்காப்பியர் அங்கே உயிர்களின் வரலாற்றைப் பேசவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஆனால் பரிணாமத்தைக் குறிக்க அங்கிருந்து கூர்ப்பையும் ‘உள்ளது சிறத்தல்’ என்பதையும் எடுத்துக்கொண்டவர்களின் காதை மெச்ச வேண்டும். பரிணாமம் பேசுவது இருப்பது வேறாவதைப் பற்றி. முதலில் எதுவும் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குள் அது போவதில்லை. நடுவில் நிற்பவர்கள் காலூன்றுவதும் அந்த இடத்தில்தான்.

உயிர்ச்சுவட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பெரியம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. கருங்கல், உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் சில்லு பெயர்ந்து, உள்ளே நாணய அளவில் ஒரு சுருள் தெரியும். சுருளின் மேல் வரிவரியாக மேடு. அபிஷேகப் பால் அந்த வரிகளுக்குள் தங்கிவிடும் என்பதால், துளசி சாத்துவதற்கு முன் ஈரத்துணியின் நுனியை முறுக்கி அதற்குள் விட்டுத் துடைப்பார். அவருக்கு அது பெருமாளின் சக்கரம். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் அந்தப் பக்கம்தான். புவியியல் படித்தவருக்கு அது ஜுராசிக் காலத்து அம்மோனைட். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த கடலின் உயிர். அந்த இனமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அற்றுப்போய்விட்டது.

அரியலூர்ப் பக்கம் காரையில் இதே வரிச்சுருளை முதன்முதலாக மண்ணிலிருந்து எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. பெரியம்மாவின் விரல்தான் கண்ணுக்குள் வந்தது. திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். “கடலுக்குள்ள இருந்தப்பவும் அவர்தானே” என்றார். அந்த வரிதான் இந்த மடல் முழுக்க என் பின்னால் நிற்கிறது. புதைபடிவம் என்றால் கல்லுக்குள் புதைந்த ஒன்று கண்ணில் படுகிறது. உயிர்ச்சுவடு என்றால் நடந்துபோன ஒன்றின் தடம் படுகிறது. கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன், அக்கா.

பூஜை அறையிலிருந்து ஆய்வுக்களத்துக்குப் போனால் தெய்யார் த ஷார்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர், சேசு சபைக் குரு, தொல்லுயிரியலாளர். ஆதிப் பாவத்தைப் பற்றி எழுதிய ஒரு குறிப்புக்காக 1920களில் பாரிசில் கற்பிக்கும் பணியை இழந்தார். பிறகு வாழ்வின் பெரும்பகுதி சீனாவில் கழிந்தது. பெய்ஜிங்குக்கு அருகே ஜோகூடியனில் 1929 டிசம்பரில் பெய் வென்ஜோங் பீக்கிங் மனிதன் எனப்படும் ஆதிமனிதனின் மண்டையோட்டை எடுத்தபோது, அந்த அகழ்வின் புவியியல் பணியில் இருந்தவர் இவர். காலையில் பலிபூசை வைத்துவிட்டுப் பகலில் மண்டையோட்டின் வயதைப் பேசிய மனிதர். பரிணாமத்தையும் நம்பிக்கையையும் சேர்த்து எழுதிய பெரிய நூலை வெளியிட மேலிடம் அவருக்கு அனுமதி தரவில்லை. 1955இல் உயிர்ப்பு ஞாயிறன்று நியூயார்க்கில் இறந்தார். நூல் அதன் பிறகுதான் அச்சேறியது. அவரைப் படைப்புவாதி என்றும் எழுத முடியாது, படைப்பை விட்டவர் என்றும் எழுத முடியாது.

திருச்சபையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். கவனியுங்கள், அந்தப் போதனையின்படி உடலுக்கு ஒரு வழி, ஆன்மாவுக்கு இன்னொரு வழி. நாம் செய்யும் சொற்கள் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்தாலும் குழப்பக் கூடாது.

இவ்வளவையும் மனதில் வைத்து நான் அடுத்து எட்டிய சொல் ‘வளர்படைப்பு’. வளர்பிறை போல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் படைப்பு என்று மூன்று காலமும் ஒரு சொல்லுக்குள் அடங்கும். படைப்பு ஏதோ ஒரு நாளில் முடிந்துவிடவில்லை என்பதுதான் இவர்களுடைய நம்பிக்கையின் உயிர், அதை வினைத்தொகை போல வேறு எந்த இலக்கணமும் சொல்லாது. ஆனால் ‘வளர்’ இடிக்கிறது. பரிணாமத்துக்குச் சிலர் வழங்கும் படிவளர்ச்சி என்ற சொல்லில் உள்ள அதே சிக்கல்தான். கீழ்ப்படியில் புழு, மேல்படியில் மனிதன் என்ற ஏணியைப் பிள்ளைகள் மனதில் போட்டுவிடும். குகை மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். எத்தியோப்பியாவில் 1974இல் புதைபடிவமாகக் கிடைத்த லூசி என்ற ஆதிமனித இனத்துப் பெண் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அவள் யாருக்கும் கீழ்ப்படியாக வாழவில்லை. தன் காலத்துக்கு நிறைவான உயிராக இரண்டு காலில் நடந்தாள்.

ஆகவே என் முன்மொழிவு: விரிபடைப்பு.

இதுவும் வினைத்தொகைதான். விரிதலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மரம் கிளை விரிக்கிறது, சில கிளை பட்டுப்போகிறது, சில நீள்கிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் சுருளை விரிப்பது என்ற பொருளில் வருவதுதான், ஆனால் அதைப் பார்த்து நான் இந்தச் சொல்லுக்கு வரவில்லை. பரிணாமமோ கூர்ப்போ இதற்குள் இல்லாததால் இரண்டு கரையிலும் செல்லும். மதப் பெயரும் கிடையாது. தெய்யாருக்கும் பொருந்தும், பெரியம்மாவுக்கும் பொருந்தும். காவியங்களைச் சொல்வது போல இருக்கிறதே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ‘படைப்பு’ என்றாலே அந்த இரட்டைப் பொருள் உண்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்:

“டாப்சான்ஸ்கி விரிபடைப்பை நம்பினார், பரிணாமத்தை ஆய்ந்தார்.”

“உடல் விரிபடைப்பாலும் ஆன்மா நேரடிப் படைப்பாலும் வந்தன என்பது கத்தோலிக்கர் பலரின் நம்பிக்கை.”

“காலப் கேள்விக்கு 34 சதவீதம் பேர் விரிபடைப்பைத் தேர்ந்தார்கள்.”

மூன்றும் என் காதுக்கு நிற்கின்றன. முதல் வாக்கியத்தில் வினைச்சொற்களை வேண்டுமென்றேதான் பிரித்தேன். “பரிணாமத்தை நம்புகிறீர்களா” என்று எழுதும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம். சான்றைப் பார்த்து முடிவு செய்வதற்கு ‘ஏற்கிறீர்களா’ போதும். ‘நம்பு’ சாமிக்கும் மனிதருக்கும் இருக்கட்டும்.

இந்த நிலைப்பாடு உடையவரைக் குறிக்கும் சொல்தான் இன்னும் அமையவில்லை. ‘விரிபடைப்பாளர்’ என்றால் படைப்பவர் என்று பொருள் மாறிவிடுகிறது. ‘விரிபடைப்பினர்’ பரவாயில்லை, ஆனால் ஒருமையில் இழுக்கிறது. ஐயா, அக்கா, இதற்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை ‘விரிபடைப்பை நம்புபவர்’ என்றே விட்டுவைக்கிறேன்.