அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்றே முக்கால் லட்ச ரூபாய்க் கணினி தேவைதானா?

கேள்வி: உய்யக்கொண்டான் (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொண்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குரிய தகுதிப் பட்டியலிலோ இந்தக் கணினி இல்லை. ஆகவே புதிதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

என் மனைவி சிறு வணிகர்கள் சிலருக்கு டேலியிலும் எக்செல்லிலும் கணக்கு எழுதித் தருகிறார். ஜிஎஸ்டி படிவங்களையும் தாக்கல் செய்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள்; இவ்வாண்டு சி++, அடுத்த ஆண்டு பைத்தான். நான் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தமிழ் இதழ்களைப் பிடிஎஃப் வடிவில் படிப்பதும் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வதும் தவிர வேறெதுவும் செய்வதில்லை. வீட்டில் எவரும் கணினி விளையாட்டுகள் விளையாடுவதில்லை.

கடைக்காரர் எழுதிக்கொடுத்த பட்டியல் இது: கோர் ஐ9-14900கே ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்.எஸ்.டி., திரவக் குளிர்விப்பான். மானிட்டர் நீங்கலாக ரூ.1,75,000. "ஒரு முறை வாங்கிவிட்டால் பத்தாண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். பணம் திரட்ட முடியும் என்றாலும், எங்கள் வேலைக்கு இவ்வளவு தேவையா என்பதே என் ஐயம். விவரம் அறிந்தவர்கள் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பனங்காடு

தேவையில்லை ஐயா. ஆனால் அதை மட்டும் சொன்னால் கடைக்காரரின் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் வேறுபாடு இருக்காது என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

உங்கள் இப்போதைய கணினி உங்களைக் காக்க வைக்கும்போது உண்மையில் எந்தப் பாகம் காக்க வைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுழலும் தட்டைக் கொண்ட ஹார்ட் டிஸ்க், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடும்போது ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் தொடங்குவதும் டேலி திறப்பதும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தேடல்களால் ஆனவை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பு மில்லி விநாடியின் சிறு பகுதியாகச் சுருங்கிவிடுகிறது. புதிய கணினி வாங்கியவர்கள் "எவ்வளவு வேகம்!" என்று வியப்பதில் பெரும் பங்கு இந்த ஒரு மாற்றத்தினுடையது, புகழ் மட்டும் ப்ராசஸருக்குப் போய்ச் சேர்கிறது. எஸ்.எஸ்.டி.க்குள்ளும், விநாடிக்கு 3,500 எம்பி படிப்பதற்கும் 7,000 எம்பி படிப்பதற்கும் உள்ள இடைவெளி பெரிய காணொளிக் கோப்புகளை நகலெடுக்கும்போது தெரியும். எக்செல் திறக்கும்போது தெரியாது.

அடுத்து ப்ராசஸர். ஐ9-14900கே-இல் 24 கோர்கள் (தனித்தனியே வேலை செய்யும் கணக்கிடும் பகுதிகள்) உள்ளன, ஐ5-14400-இல் 10. ஆனால் ஒரு வேலையின் எந்தப் பகுதியைப் பிரித்துக் கொடுக்க முடியுமோ அந்தப் பகுதி மட்டுமே கூடுதல் கோர்களால் விரைவு பெறும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் எடுத்துரைத்த கணக்கு இது: வேலையில் பாதியைத்தான் பிரிக்க முடியும் என்றால், எத்தனை கோர்களை அடுக்கினாலும் மொத்த வேகம் இருமடங்கைத் தாண்டாது. ஓர் இணையப் பக்கத்தின் நிரல் பெரும்பாலும் ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடுகிறது. எக்செல்லின் மேக்ரோக்களும் அப்படியே. ஆகவே உங்கள் வீட்டில் கணக்கில் வருவது ஒற்றைக் கோரின் வேகம். அதில் ஐ9-இன் உச்சம் 6 கிகாஹெர்ட்ஸ், ஐ5-14400-இன் உச்சம் 4.7. கால் பங்குக்குச் சற்றே கூடுதலான இந்த முந்துதல், அரை விநாடியில் முடியும் வேலையில் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 11-ஆம் தலைமுறை தொட்டு இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸே ஏவி1 என்னும் முறையில் சுருக்கப்பட்ட காணொளிகளை வன்பொருளில் விரித்துக் காட்டிவிடுகிறது. ஒரேயொரு எச்சரிக்கை: 14400எஃப் என எண்ணின் இறுதியில் "எஃப்" வரும் ப்ராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. விலை சற்றுக் குறைகிறதே என்று அதை வாங்கினால் தனிக் கார்டு வாங்கியே தீர வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: எஃப் இல்லாத ஐ5-14400 அல்லது ஏஎம்டி ரைசன் 5 8600ஜி, 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ (வேகமான இணைப்பு கொண்ட) எஸ்.எஸ்.டி. ரேமை ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாகப் பொருத்துங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த ரேமையே பங்கிட்டுக்கொள்வதால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான இரு வழிகளும் திறந்திருப்பது அதற்கு நல்லது. பின்னாளில் கூட்ட இடம் இருக்கும்படி ரேம் செருக நான்கு துளைகள் உள்ள மதர்போர்டாகக் கேளுங்கள். 2025-இன் இறுதி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையிலும், நீங்கள் சொன்ன தொகையில் பாதிக்குள் இது முடிந்துவிடும்.

மறுமொழி 2: வைகை மேடு

மேலே உள்ளவர் வேகத்தைப் பற்றி எழுதிவிட்டார். நான் அந்தப் "பத்தாண்டு" வாக்குறுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உயர்விலைக் கணினிகள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லின் மீதுதான் விற்கப்படுகின்றன.

2017 சனவரியில் வெளிவந்த கோர் ஐ7-7700கே அன்று வீட்டுக் கணினிகளுக்கான இன்டெல் ப்ராசஸர்களில் உச்சியில் நின்றது. அறிமுக விலை 339 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் 117 டாலருக்கு ஐ3-8100 வந்தது. வேகத்தில் பழைய ஐ7-தான் இன்றும் மேல். ஆனால் 2021-இல் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோது எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த அந்த ஐ3 உள்ளே இருந்தது, ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7 வெளியே நின்றது. மும்மடங்கு விலை கொடுத்தவருக்கு ஒன்பதாண்டுக்குள் ஆதரவு தீர்ந்தது. மலிவான ஐ3-ஐ வாங்கியவர் இன்றும் புதுப்பிப்புகளைப் பெறுகிறார். ஒரு கணினி எப்போது காலாவதியாகும் என்பதைப் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. நாம் இன்று கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அங்கே வாக்குரிமை இல்லை.

ஆகவே இன்று எண்பதாயிரத்துக்கு ஒன்று, ஆறேழு ஆண்டுகள் கழித்து அன்றைய நடுத்தர விலையில் இன்னொன்று என்று வாங்குபவர், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் புதிய வசதிகளோடும் புதிய வாரண்டியோடும் இருப்பார்.

இடையே ஒரு செய்தி. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலை ப்ராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை அந்நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்தங்களை வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உங்கள் பட்டியலில் உள்ள 14900கே அவற்றுள் ஒன்று. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால் அஞ்ச வேண்டியதில்லைதான். ஆனால் விலை உயர்ந்தது என்பதாலேயே உறுதியானது என்று எண்ணிவிடக் கூடாது.

மின்சாரத்தையும் பாருங்கள். முழு வேகத்தில் அந்த ஐ9 253 வாட் வரையிலும், ஆர்டிஎக்ஸ் 4070 200 வாட் வரையிலும் இழுக்கும். நம் வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். எனவே யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினெட் என ஒவ்வொன்றும் பெரியதாக வேண்டும். கடைக்காரரின் 1,75,000-இல் யு.பி.எஸ். சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் பெரிய கணினி கூடுதலாகவே இழுக்கும். வேறுபாடு 50 வாட் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரு மாதக் கணக்கில் 24 யூனிட். தொகை பெரிதன்று. ஆனால் உங்கள் வீடு 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால், அந்த எல்லையைத் தாண்டியதும் கீழ்ப்படிகளுக்கான கட்டணமும் சேர்ந்து மாறிவிடுவதால் அந்த 24 யூனிட்டின் உண்மை விலை வேறாகிவிடும்.

மறுமொழி 3: சிவகாசி அச்சகம்

இருவர் சொன்னதிலும் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "அன்றாடப் பயனர்" என்று பொதுவாகச் சொல்லும்போது ஒன்று விடுபட்டுப்போகிறது. அச்சுப்பணியில் இருப்பவர், காணொளி தொகுப்பவர், முப்பரிமாண வரைவு செய்பவர் ஆகியோருக்கும் அதுவே அன்றாடம்தான். நூறு பக்க வண்ண மலரைப் பக்கம் கட்டி, முழுத் தெளிவுப் படங்களோடு பிடிஎஃப் ஆக்கும் வேலை நாள்தோறும் நடக்கும் இடத்தில், கூடுதல் கோர்களும் 64 ஜிபி ரேமும் மாதக் கடைசியில் கூலிக் கணக்கிலேயே தெரியும். உய்யக்கொண்டான் அவர்கள் தம் பழைய இதழ்களை வெறுமனே படிக்காமல், டெசராக்ட் போன்ற எழுத்துணரியைக் கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எண்ணம் கொண்டிருந்தால், அங்கே ஆம்டாலின் கணக்கு அவருக்குச் சாதகமாகத் திரும்பும். ஒவ்வொரு பக்கமும் தனி வேலை என்பதால் கோர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடலாம். அப்போதும்கூட ஐ9-க்கு முன்னால் இடைப்படியான ஐ7 ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுபவருக்கு அதுவும் வேண்டாம்.

எனக்கு வியப்பளிப்பது வேறு. இவ்வளவு பெரிய பட்டியலில் "மானிட்டர் நீங்கலாக" என்று இருக்கிறது. படிப்பதும் எழுதுவதுமே தொழிலாக உள்ள வீட்டில் பணம் போக வேண்டிய முதல் இடம் அதுதான். 24 அங்குல 1080பி திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் வரும். 27 அங்குல 1440பி திரையில் 109. 27 அங்குல 4கே திரையில் 163. ஆங்கில எழுத்தைவிடத் தமிழெழுத்தில் வளைவுகளும் சுழிகளும் நெருக்கமானவை. சிறிய எழுத்தில் அச்சான பழைய இதழ் ஒன்றில் ஒற்றின் புள்ளி இருக்கிறதா, தூசா என்று உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு 4கே திரை செய்யும் உதவியை எந்த ஐ9-உம் செய்யாது. உள்ளமைந்த கிராபிக்ஸே 4கே திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக் காட்டும். மதர்போர்டில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 30 முறைதான், சுட்டியை நகர்த்தும்போதே தடுமாற்றம் தெரியும்.

இன்னொன்று, கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்காதீர்கள். சிறிய கணினியே ஆனாலும் 80 பிளஸ் வெண்கலச் (Bronze) சான்று, அதாவது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று பெற்ற ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அது சிதைந்தால் தனியாகச் சாவதில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

உய்யக்கொண்டான்

மூவருக்கும் நன்றி. எழுத்துணரி வேலை இப்போதைக்கு இல்லை. மானிட்டர் பற்றிச் சொன்னது நான் எண்ணியே பாராதது. ஐ5-14400-உடன் 27 அங்குல 4கே திரைக்கு விலை கேட்டிருக்கிறேன். இரண்டு கேள்விகள் மட்டும். நண்பர் ஒருவர் ஆப்பிளின் மேக் மினியை வாங்கச் சொல்கிறார்; அது எங்களுக்குப் பொருந்துமா? பழைய கணினியை என்ன செய்யலாம்?

மறுமொழி 4: பனங்காடு

எம்4 மேக் மினி 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது 16 ஜிபி ரேமுடன் ரூ.59,900 என்று விலை வைத்தார்கள்; அந்த விலைக்கு வேகமும் அமைதியும் மிக்க கணினி என்பதில் ஐயமில்லை. ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மேக்கில் அதை ஓட்டச் சுற்றுவழி தேட வேண்டும். உங்கள் மனைவியின் வருமானம் நிற்கும் மென்பொருளுக்குச் சுற்றுவழி உகந்ததன்று. மேலும் அடிப்படை மாடலில் சேமிப்பு 256 ஜிபிதான். ரேமைப் பின்னர் கூட்டவே முடியாது. உங்கள் தட்டச்சுக்கும் வாசிப்புக்கும் மட்டும் என்றால் நானே அதைப் பரிந்துரைத்திருப்பேன்.

பழைய கணினியை விற்காதீர்கள். அதற்கு இன்று கிடைக்கும் தொகை சொற்பம். பழைய கணினிகளுக்கும் பொருந்தும் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவினால் மகளின் சி++, பைத்தான் பயிற்சிக்கு அது தாராளம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். விண்டோஸ் 10-தான் வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்து 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். கணக்கு வேலையை அதற்கு முன்பே புதியதற்கு மாற்றிவிடுங்கள். கழற்றும் ஹார்ட் டிஸ்கைச் சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு டேலித் தரவுகளின் கூடுதல் நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். 2016 முதல் ஓடிய தட்டு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், பென்டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகல் இருக்கட்டும்.