கோதுமை எஸ்.எஸ்.ஆர்: பட்டையே வராத ரகத்தை எப்படிக் குறிப்பது?

வணக்கம். கர்னாலில் முதுகலை ஆய்வுக்காக 24 கோதுமை ரகங்களின் மரபணு வேறுபாட்டை எஸ்.எஸ்.ஆர் மார்க்கர்கள் (ரகத்துக்கு ரகம் நீளம் மாறும், திரும்பத் திரும்ப வரும் சிறு டி.என்.ஏ வரிசைகள்) மூலம் பார்த்து வருகிறேன். சி 306, சோனாலிகா, கல்யாண் சோனா, லோக் 1, பிபிடபிள்யூ 343 எல்லாம் இதில் உண்டு. மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

1பி குரோமோசோமின் குட்டைக் கரத்துக்கான மூன்று பிரைமர்கள் (பி.சி.ஆரில் மார்க்கர் பகுதியைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) பிபிடபிள்யூ 343-லும் இன்னும் நான்கு ரகங்களிலும் ஜெல்லில் பட்டையே (பெருகிய டி.என்.ஏ காட்டும் கோடு) தருவதில்லை. மற்ற ரகங்களில் தெளிவாக வருகிறது.

15 நாள் நாற்றிலிருந்து சி.டி.ஏ.பி என்ற வேதிப்பொருளைக் கொண்டு பிரிக்கும் முறையில் டி.என்.ஏ-வை மறுபடி எடுத்தேன். ஆனீலிங் (பிரைமர் டி.என்.ஏ-வில் ஒட்டும்) வெப்பநிலையை 60-லிருந்து 55, 52 டிகிரி வரை இறக்கினேன். மக்னீசியத்தைக் கூட்டினேன், இந்த வெப்பநிலையைச் சுற்றுக்குச் சுற்று இறக்கும் டச்டவுன் பி.சி.ஆரும் ஓட்டினேன். பலன் இல்லை. அதே டி.என்.ஏ-வில் 3பி, 5ஏ குரோமோசோம்களுக்கான பிரைமர்கள் நன்றாக வேலை செய்கின்றன, அதனால் டி.என்.ஏ கெட்டுப்போகவில்லை என்றே நம்புகிறேன்.

பிபிடபிள்யூ 343-ல் அந்தக் கரத்துக்குப் பதிலாக ரை (கோதுமைக்கு நெருங்கிய தானியம்) பயிரின் 1ஆர் குரோமோசோமின் குட்டைக் கரம் இருப்பது தெரிந்ததே. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற நான்கிலும் அப்படியா என்று இன்னும் சோதிக்கவில்லை. சிக்கல் அடுத்த படியில்தான். மூன்றையும் நல் அல்லீல் (null allele, பட்டை தராத மரபணு வடிவம்) என்று எடுத்தால், ஒரே ரைத் துண்டை மூன்று முறை எண்ணியதாகி, டெண்ட்ரோகிராமில் (ரகங்களின் நெருக்கத்தைக் காட்டும் கிளைப்படம்) இந்த ஐந்து ரகங்களும் தனிக் கொத்தாக ஒதுங்குகின்றன. விடுபட்ட தரவு என்று போட்டால் உண்மையான வேறுபாடே மறைந்துபோகிறது.

இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இந்த மூன்று மார்க்கர்களையும் நல் அல்லீலாக வைப்பதா, ஒன்றை மட்டும் வைத்து மற்ற இரண்டையும் நீக்குவதா?