வேகமான படகு வாங்கினேன், போட்டிக்கு ஆளில்லை

கேள்வி:
என் பாய்ப்படகு, லேசர் என்ற சிறு ஒற்றையாள் பாய்ப்படகைவிட வேகமானது. ஆனால் கடந்த பந்தயத்தில் எங்கள் வகையில் வந்தவை நான்கே படகுகள். அதிலும் ஒன்று கிளம்பும் முன்பே கவிழ்ந்தது. அடுத்த தொடக்கக் கோட்டில் ஐம்பது லேசர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. அரை நூற்றாண்டுப் பழைய வடிவம்! எல்லோரும் ஏன் அங்கேயே போய் விழுகிறார்கள்?

பதில் 1:
நானும் வேகத்தை நம்பி மூன்று பருவம் தனியாகச் சுற்றியவன்தான். இப்போது லேசரில் முப்பத்தெட்டாவது இடத்துக்காக உயிரைக் கொடுக்கிறேன். முதலில் போகிறவரை நான் இந்தப் பிறவியில் பிடிக்கப்போவதில்லை. ஆனால் என் தரத்தில் எப்போதும் பத்துப் பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மிதவையைச் சுற்றும்போது ஒருவரை முந்துவேன்; காற்று சற்றுத் திரும்பினால் இருவர் என்னை முந்துவார்கள். நான்கு படகுகள் என்றால் கால் மணி நேரத்தில் வரிசை முடிவாகிவிடும், மீதி நேரம் வெறும் பயணம்.

முதலில் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் எளிமை. புரூஸ் கிர்பி வடிவமைத்த படகு. ஒரு பாய், ஓர் ஆள், படகின் வெற்றுடல் எடை சுமார் 59 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழலும். எல்லாவற்றையும் காரின் கூரையில் கட்டிவிடலாம். துணைக்கு வருபவருக்குக் காய்ச்சல் என்று பந்தயத்தைத் தவறவிட வேண்டியதில்லை. விதிகளோ கறாரானவை: நினைத்தபடி எதையும் மாற்ற முடியாது, அதனால் எல்லோர் படகும் ஒன்றுபோலத்தான். அதே உடலில் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய் பொருத்தலாம் என்பதால், எடை குறைந்தவர்களும் அதே படகில் தொடர்கிறார்கள்.

பதில் 2:
பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் பாய்ப்படகை விட்டுவிட்டீர்களே. 1947இல் புளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் ஒட்டுப்பலகையில் செய்த, மூக்கறுந்த பெட்டி அது. நீளம் 2.3 மீட்டர்தான். இத்தாலியின் கார்டா ஏரியில் ஒரே போட்டிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் வந்ததுண்டு. பதினைந்து வயதோடு அங்கிருந்து வெளியேற வேண்டும். பிறகு பெரும்பாலோர் தோழர்கள் போகும் படகுக்குத்தான் போகிறார்கள். வேகத்தை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி கேட்டவர்:
சரி, தோற்றேன். பழைய லேசர் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். மட்டம் இறங்கினால் வாங்காதீர்கள்.