விடியற்காலையில் ‘ப்ரொடெக்ட்’ வருகிறது, வெயில் ஏறினால் பாடுகிறது: பழைய ஸ்டீரியோ செட் குறித்து உதவி தேவை

கேள்வி – கீழக்கரையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் வாப்பா 2004ஆம் ஆண்டு சவூதியிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த, மூன்று சிடி தட்டும் இரட்டைக் கேசட்டும் உள்ள ஸ்டீரியோ செட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒருமுறை கேசட் பெல்ட் மாற்றியதைத் தவிர இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் திறந்ததில்லை. கடந்த இரண்டு மாதங்களாக, சுபுஹு தொழுகை முடிந்து வந்து வாப்பா அதைப் போட்டால், திரையில் ‘ப்ரொடெக்ட்’ என்ற சொல் விட்டுவிட்டு எரிந்து, இரண்டு விநாடிகளுக்குள் செட் தானாக அணைந்துவிடுகிறது. பத்து முறை போட்டாலும் அதேதான். ஆனால் காலை பதினொரு மணிக்கு மேல் போட்டால் எந்தக் குறையும் இல்லாமல் இரவு வரை பாடுகிறது. மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மட்டும் பகலிலும் பாடுவதில்லை. செட் இருக்கும் அலமாரி கடலைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டபோது, செட்டைத் திறக்காமலேயே பவர் ஐசி (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சில்லு) போய்விட்டது என்றும் அதை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். போன ஐசி எப்படிப் பகலில் மட்டும் பாடும் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் எங்கோ படித்த முறைப்படி மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி டெஸ்ட் மோடுக்குள் (பழுது பார்ப்பவர்களுக்கான சோதனை நிலைக்குள்) போனேன். திரையின் எல்லாக் கட்டங்களும் ஒன்றாக எரிந்தன, பிறகு ஏதோ எண்கள் வந்தன. வெளியே வந்த பிறகு சேமித்து வைத்திருந்த எஃப்எம் நிலையங்கள் அனைத்தும் அழிந்துவிட்டன, சிடி தட்டைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் ‘லாக்ட்’ என்று மட்டும் வருகிறது. இந்த இரண்டு கோளாறுகளுக்கும் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும். என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஈயப்பற்று வைக்கும் கருவியும் உள்ளன.

பதில் – தொண்டியிலிருந்து

தம்பி, முதலில் பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு விடியற்காலையில் போட்டுப் பாருங்கள். ஒயரின் ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே சொல்தான் வரும். கழற்றிய ஸ்பீக்கர்களை மீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். 6 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5க்குச் சற்று முன்பின் காட்டும், சுழியை ஒட்டிக் காட்டினால் காயில் கெட்டிருக்கிறது. சவூதியிலிருந்து வந்த செட்டு என்பதால் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கலாம். அது 220 முதல் 240 வரை என்ற இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் – மண்டபத்திலிருந்து

தம்பி, நான் முப்பது ஆண்டுகளாக இந்தக் கடற்கரையில் செட்டுகளைப் பழுது பார்த்து வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஷார்ட் ஆன பவர் ஐசி காலையிலும் ஷார்ட்தான், உச்சி வெயிலிலும் ஷார்ட்தான். நேரம் பார்த்து வந்து நேரம் பார்த்துப் போகும் கோளாறு பெரும்பாலும் ஈரத்தைப் பற்றியது, அல்லது சூட்டைப் பற்றியது. உங்களுடையது ஈரம் என்பதை மழை நாள் காட்டிக்கொடுத்துவிட்டது.

‘ப்ரொடெக்ட்’ எதற்காக வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பவர் ஆம்ப், அதாவது அந்த ஐசி இருக்கும் ஒலிபெருக்கும் பகுதி, கூட்டல், கழித்தல் என்ற இரண்டு சப்ளைகளுக்கு நடுவே நின்று வேலை செய்கிறது. பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனையில் டிசி மின்னழுத்தம் ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டும். ஐசி கெட்டால் ஒரு பக்கச் சப்ளை முழுவதும் நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கிக் காயிலைக் கருக்கிவிடும். அதைத் தடுப்பதற்காக, வெளியீட்டில் டிசி தென்படுகிறதா, ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு அளவுக்கு மீறிச் சூடாகிறதா, சப்ளைகளில் ஏதேனும் இறங்குகிறதா என்று இரண்டு மூன்று சிறு டிரான்சிஸ்டர்கள் காவல் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே ஒரு கம்பி வழியாகத்தான் செட்டை இயக்கும் மைக்ரோ கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்புகின்றன. எந்தக் காவலாளி கூப்பிட்டார் என்பது மைக்ரோவுக்குத் தெரியாது. யாரோ கூப்பிட்டார் என்பது மட்டுமே தெரியும். ஆகவே டெஸ்ட் மோடுக்குள் போய் எத்தனை முறை பார்த்தாலும் இந்த வகைச் செட்டில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் கிடைக்காது. பானசோனிக் செட்டுகளில் எஃப்61 என்று எண்ணே வரும், அதுகூடப் பவர் ஆம்ப் வெளியீட்டிலோ சப்ளையிலோ கோளாறு என்ற அளவில்தான் நின்றுவிடும். மீதியை மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐசியை மாற்றுவதற்கு முன்னால் அது குற்றவாளிதானா என்று பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் இரண்டில் ஒவ்வொன்றின் இரு கால்களையும் 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் சில விநாடிகள் இணைத்து, மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், அவை பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அடுத்து 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு (மின்சாரம் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி) செட்டை இணையுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் எதுவும் இல்லை, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு எழுதுங்கள். பல்பு மங்கினால் அதை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர்கள் இல்லாமல், மீட்டரின் கறுப்பு ஒயரைக் கிரவுண்டில் கிளிப் போட்டு, ரிலேவுக்கு (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுக்கு) முன்னால் ஐசியின் இரண்டு வெளியீட்டு முனைகளிலும் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்ப் நலமாக இருக்கிறது என்று பொருள். விடியற்காலையில் இரண்டு விநாடிகள்தான் கிடைக்கும், ஆகவே மீட்டர் முனையை முன்பே வைத்துக்கொண்டு வேறொருவரைச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

ஈரம் எப்படி உள்ளே வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் வரும் உப்புத் தூசி போர்டின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் கரையில் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். வெயில் ஏறிக் காற்று உலர்ந்தால் அது மீண்டும் காய்ந்து படிகமாகிவிடும். உலோகத்தை இந்தக் காற்று எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் மண்டபம் முகாமில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. இந்தக் காற்று பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கும்போது, உங்கள் செட்டுக்குள் இருக்கும் முடி அளவுக் கம்பியை விட்டுவைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, என் அனுபவத்தில் இதுதான் உப்பைவிட மோசமானது. கண்டென்சர்கள் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் அவற்றின் அடியில் மஞ்சள் பசை ஊற்றியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டுப்பட்டு அது காப்பித்தூள் நிறத்துக்கு மாறும். மாறிய பிறகு ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும், தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிகளையும் அரிக்கும். காவல் டிரான்சிஸ்டர்களைச் சுற்றிப் பல்லாயிரம் ஓம் அளவுள்ள ரெசிஸ்டர்கள் இருப்பதால், மிகச் சிறிய கசிவுகூட அங்கே பொய்யான கூப்பாட்டை எழுப்பப் போதும். அந்த நிறத்தில் பசை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதில் – இராமேசுவரத்திலிருந்து

மண்டபத்து ஐயா சொன்னதோடு, டெஸ்ட் மோடு பற்றி மட்டும் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். பொத்தான் சேர்க்கைகள் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு மாடலில் திரையைச் சோதிக்கும் அதே சேர்க்கை இன்னொன்றில் நினைவகத்தை முழுவதும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் எஃப்எம் நிலையங்கள் அழிந்தது அப்படித்தான், அதனால் பழுது எதுவும் இல்லை. எல்லாக் கட்டங்களும் எரிந்தது திரைச் சோதனை. பின்னர் வந்த எண்கள் உள்ளிருக்கும் மென்பொருளின் பதிப்பையும், எந்த நாட்டுக்காகத் தயாரான செட்டு என்பதையும் குறிப்பவையாக இருக்கும். அழிந்த பிறகு மீடியம் வேவ் நிலையங்கள் சரியாக நிற்கவில்லை என்றால், அலைவரிசைப் படி 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுக்கு 9 வேண்டும்.

‘லாக்ட்’ என்பதும் பழுது இல்லை. கடைகளில் காட்சிக்கு வைக்கும்போது யாரும் தட்டைத் திறந்து சிடியை எடுத்துவிடாமல் இருக்க வைத்த பூட்டு அது. பூட்டிய சேர்க்கையையே மீண்டும் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான செட்டுகளில் திறந்துவிடும். அனுமானத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம். பின்பக்கத் தகட்டில் உள்ள மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை அப்படியே கொடுத்து, அதற்குரிய சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். சிடிக்கான சோதனை நிலைக்குள் மட்டும் மூடி திறந்திருக்கும்போது போகாதீர்கள். அதில் சிடி இல்லாமலே லேசர் எரியக்கூடும். அது 780 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும்.

கீழக்கரையிலிருந்து மீண்டும்

ஐயா, காக்கா (அண்ணன்), அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். ஸ்பீக்கர் இரண்டும் 5.4 ஓம் காட்டுகின்றன, வோல்டேஜ் சுவிட்ச் சரியான இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர்களைக் கழற்றிய பிறகும் காலையில் ‘ப்ரொடெக்ட்’ வந்தது. சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. நேற்று ஐந்தரை மணிக்கு என் தம்பி சுவிட்ச் போட, நான் மீட்டரைப் பிடித்திருந்தேன். இடப்பக்கம் 18, வலப்பக்கம் 23 மில்லிவோல்ட். அந்த அளவு அசையவே இல்லை, ஆனாலும் செட் அணைந்தது. நண்பகலிலும் ஏறத்தாழ அதே எண்கள்தான் வந்தன. காப்பித்தூள் நிறப் பசை இரண்டு இடங்களில் இருக்கிறது. பெரிய கண்டென்சர்களின் அடியில் கொஞ்சம் இருக்கிறது. ரிலேவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கண்டென்சரைச் சுற்றி அதிகமாக இருக்கிறது.

பதில் – மண்டபத்திலிருந்து

அப்படியென்றால் ஐசிக்குப் பணம் கொடுக்க வேண்டாம், தம்பி. ஆம்ப் நலமாக இருக்கிறது, காவலாளிதான் பொய் சொல்கிறார். இனி எந்த இடம் என்பதை உறுதி செய்வோம். பகலில் செட் பாடும் நேரத்தில் அதை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களை முன்போல இறக்கிவிட்டு, ஒரு உறிஞ்சுகுழலை அந்த ரிலேவுக்குப் பக்கத்துப் பசையின் அருகில் வைத்து வாயைத் திறந்து நாலைந்து முறை ஆவி விடுங்கள். ஊதக் கூடாது, கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே அப்படி விட வேண்டும். உடனே கையை எடுத்துக்கொண்டு பிளக்கைச் செருகிச் செட்டைப் போடுங்கள். நண்பகலிலேயே ‘ப்ரொடெக்ட்’ வந்தால் இடம் அதுதான். வராவிட்டால் அடுத்த பசைக்கும் அதையே செய்யுங்கள்.

இடம் தெரிந்ததும் மீண்டும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, பசையை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம், செம்புத் தடம் அறுந்துவிடும். ஸ்பிரிட் (ஐசோபுரப்பைல் ஆல்கஹால்) மட்டும் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, ஏனென்றால் அதில் உப்பு கரைவதில்லை. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மெல்லிய தூரிகையில் தொட்டு அந்த இடத்தை மட்டும் கழுவி, பிறகு ஆல்கஹால் போட்டு நீரை விரட்டி, ஒரு நாள் உலர விடுங்கள். பசைக்கு அடியில் இருந்த ரெசிஸ்டர்களின் கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், களிம்பு ஏறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து மீண்டும்

ஐயா, நேற்று மதியம் ஒன்றரை மணிக்கு ரிலேவுக்குப் பக்கத்தில் நான்கு முறை ஆவி விட்டுச் செட்டைப் போட்டேன். உடனே ‘ப்ரொடெக்ட்’ வந்தது. பத்து நிமிடம் கழித்துப் போட்டபோது பாடியது. இரண்டாவது முறையும் செய்து பார்த்தேன், அப்படியே நடந்தது. வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்டென்சர்களின் அடியில் இருந்த பசைக்கு ஆவி விட்டபோது எதுவும் நடக்கவில்லை.

பசையைச் சுரண்டியபோது அது கருகிய வெல்லம் போல உதிர்ந்தது. அதற்கு அடியில் ஒரு ரெசிஸ்டரின் கால் பச்சையாகி, தொட்டதுமே முறிந்துவிட்டது. நிறக்கோடுகளைப் பார்த்தால் 47 கிலோ ஓம். அதை மாற்றி, நீங்கள் சொன்ன வரிசையில் கழுவி, ஒரு நாள் முழுவதும் உலர வைத்தேன். சர்வீஸ் மேனுவலும் கிடைத்தது. தட்டின் பூட்டு அதில் சொன்னபடி இரண்டு பொத்தான்களைப் பிடித்ததும் திறந்துகொண்டது.

இன்று ஐந்தரை மணிக்கு, சன்னல் கம்பியில் பனி சொட்டிக்கொண்டிருந்தபோதே செட் முதல் தடவையில் பாடிவிட்டது. இடப்பக்கம் மட்டும் தொடங்கும்போது சில விநாடிகள் கரகரக்கிறது, ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் தெளிந்துவிடுகிறது. இது பழைய குறைதான்.

பதில் – மண்டபத்திலிருந்து

நல்ல செய்தி, தம்பி. அந்தக் கரகரப்பு ரிலேவின் தொடுமுனை கறுத்ததால் வருவது. ஒலியைக் கூட்டும்போது மின்னோட்டம் அதிகமாகி அந்தக் கறையைத் தாண்டிப் போகிறது, அதனால்தான் தெளிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். ரிலேவின் மேல் காயில் வோல்டேஜ் எழுதியிருக்கும், அதே அளவில், அதே கால் அமைப்பில் புதிது வாங்கிப் போடுங்கள். அதற்காகப் போர்டை வெளியே எடுக்கும்போது, பெரிய கண்டென்சர்களின் அடியில் மிச்சமிருக்கும் பசையையும் சுரண்டிவிட்டு, ரிலேவையும் சாக்கெட்டுகளையும் மறைத்துக்கொண்டு, போர்டின் அடிப்பக்கம் பிசிபி லாக்கர் (ஈரம் புகாமல் காக்கும் வார்னிஷ்) ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். செட்டைச் சன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றி வையுங்கள்.